ஒரு குவளைக் காப்பியின் கணக்கு

நுழையும்முன்

பெருஞ்செலவுகளைப் பற்றி நாம் பலமுறை எண்ணிப்பார்க்கிறோம். பிறரைக் கலந்து முடிவெடுக்கிறோம். நாள்தோறும் செய்யும் சிறு செலவோ எண்ணத்திற்கே எட்டாமல் கழிந்துவிடுகிறது. கடையில் நாளும் ஒரு காப்பி வாங்குவது அத்தகையதொரு செலவு. அது வீண்செலவா, தக்க செலவா என்னும் வினாவை முன்வைத்து எழுதப்பட்டது இப்பாடப்பகுதி.

என் தாயார் வரவு செலவு எழுதிவந்த குறிப்பேடுகளுள் ஒன்று இன்றும் என்னிடம் உள்ளது. அது 1985ஆம் ஆண்டுக்குரியது. அரிசி, பால், மண்ணெண்ணெய், சலவைச் சோப்பு என வரிசையாகச் செல்லும் அக்கணக்கில் ஒவ்வொரு மாத இறுதியிலும் ‘வெளிக்காப்பி’ என்றொரு வரி வரும். அதன் எதிரே 19 ரூபாய் 50 காசு என்றிருக்கும். என் தந்தையார் நெல் அரைவை ஆலையொன்றில் எழுத்தராகப் பணியாற்றினார். மாலையில் வேலை முடிந்து திரும்பும்போது, பேருந்து நிலையத்தை ஒட்டியிருந்த கடையில் ஒரு காப்பி அருந்துவார். குவளை 75 காசு. மாதத்திற்கு 26 வேலைநாள். பெருக்கிப் பார்த்தால் அத்தொகை சரியாக வரும். என் தாயாரின் கணக்கு ஒருநாளும் பிழைத்ததில்லை.

அந்த ஒரு வரியால் எங்கள் வீட்டில் எழுந்த சச்சரவைப் பின்னர்க் கூறுகிறேன். அதற்குமுன் இன்றைய விலையில் இக்கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

கணக்கு சொல்வது

ஒரு காப்பியின் விலை 20 ரூபாய் எனக் கொள்வோம். நாளுக்கு ஒன்று வாங்கினால் மாதம் 600 ரூபாய். ஆண்டுக்கு 7,300 ரூபாய். மாதம் 600 ரூபாயைத் தொடர் வைப்பாகச் செலுத்தி, மாதந்தோறும் கூட்டப்படும் 6 விழுக்காடு ஆண்டு வட்டியும் பெற்றால், பத்தாண்டு முடிவில் ஏறத்தாழ 98,300 ரூபாய் கையில் இருக்கும். ‘சிறுதுளி பெருவெள்ளம்’ என்னும் பழமொழிக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அமெரிக்காவில் டேவிட் பாக் என்னும் எழுத்தாளர் இத்தகைய செலவுக்கு ‘லாட்டே காரணி’ என்று பெயரிட்டார். லாட்டே என்பது பால் மிகுதியாகச் சேர்த்த ஒருவகைக் காப்பி. நாள்தோறும் தம்மையறியாமல் செய்யும் சிறு செலவுகளை நிறுத்தி அத்தொகையைச் சேமித்தால் எவரும் செல்வராகலாம் என்பது அவர் கருத்து. ஹெலெய்ன் ஓலன் என்னும் இதழாளர் இதனை மறுத்தார். மக்களின் கையிருப்பு கரைவதற்குக் காப்பி காரணமன்று. வீடு, கல்வி, மருத்துவம் ஆகியவற்றின் விலை உயர்ந்த அளவுக்கு ஊதியம் உயராமையே காரணம் என்றார் அவர். இரண்டு கூற்றிலும் உண்மை உண்டு. எனினும், முதல் கணக்கில் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. அதை நாம் எளிதாகக் கண்டுகொள்ளலாம்.

கடைக்காப்பியை நிறுத்தியவர் காப்பியையே நிறுத்திவிடுவார் என்று அக்கணக்கு கருதிக்கொள்கிறது. நடைமுறையில் அவர் வீட்டில் காப்பி அருந்துவார். அதற்கும் செலவு உண்டன்றோ? கிலோ 600 ரூபாய் விலையுள்ள தூளில் பத்துக் கிராமுக்கு 6 ரூபாய். லிட்டர் 50 ரூபாய் விலையுள்ள பாலில் நூறு மில்லிலிட்டருக்கு 5 ரூபாய். சர்க்கரைக்கும் எரிவாயுவுக்கும் ஒரு ரூபாய். ஆக 12 ரூபாய். கடைக்கும் வீட்டுக்கும் உள்ள வேறுபாடு 8 ரூபாய்தான். அந்த எட்டு ரூபாயை அதே வட்டியில் சேர்த்தால் பத்தாண்டில் கிடைப்பது 39,300 ரூபாய் அளவே. ஏறத்தாழ ஒரு லட்சம் என்று முதலில் கூறிய தொகை பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது.

இந்த இரண்டாம் கணக்கும் முழுமையானதன்று. வீட்டில் காப்பி தானாக உருவாவதில்லை. வடிகட்டியில் தூளிட்டு, கொதிநீர் ஊற்றி, டிகாக்‌ஷன் சொட்டுச் சொட்டாக இறங்கும்வரை ஒருவர் காத்திருக்க வேண்டும். பாலைப் பொங்கவிடாமல் காய்ச்ச வேண்டும். பின்னர்ப் பாத்திரம் துலக்க வேண்டும். அந்த ஒருவர் பெரும்பாலான வீடுகளில் யார் என்பதை நாம் அறிவோம். அவருடைய நேரத்துக்கு நம் கணக்கில் விலை சுழியம். ‘வீட்டில் போட்டால் மலிவு’ என்று கூறுபவர், தாமே போட்டுக்கொள்பவராக இருந்தால் அக்கூற்றை ஏற்கலாம்.

தெரிந்து தெளிவோம்

காப்பி தமிழ்நாட்டில் பிறந்த பயிரன்று. அரேபியாவின் மோக்கா துறைமுகத்திலிருந்து பாபா புதன் என்னும் சூஃபித் துறவி ஏழு விதைகளை மறைத்துக் கொண்டுவந்து கர்நாடகத்தின் சிக்மகளூர் மலைப்பகுதியில் விதைத்தார் என்று வழங்கும் செய்தி புகழ்பெற்றது. சேலத்தை அடுத்த சேர்வராயன் மலையில் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆங்கிலேயர் காப்பி பயிரிட்டனர். தமிழ் நடுத்தர வகுப்பார் வாழ்வில் காப்பி நுழைந்த வரலாற்றை ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்னும் நூலில் ஆராய்ந்துள்ளார். காப்பிக்குக் ‘குளம்பி’ என்றொரு தமிழ்ச்சொல்லும் ஆக்கப்பட்டது. கொட்டையின் பிளவுபட்ட தோற்றம் விலங்கின் குளம்பை ஒத்திருப்பதால் இப்பெயர் என்பர். ‘டிகிரி காப்பி’ என்பதற்குப் பாலின் தரத்தை அளக்கும் பாகையைக் காரணம் காட்டுவோரும் உளர். ‘சிக்கரி’ என்னும் சொல்லே திரிந்து டிகிரி ஆயிற்று என்போரும் உளர்.

குவளைக்கு வெளியே உள்ளவை

கடையில் 20 ரூபாய் கொடுத்து நாம் வாங்குவது பாலும் டிகாக்‌ஷனும் மட்டுந்தானா? கடைக்கு வருபவர்களைச் சிறிது நேரம் கவனித்தால் இதற்கு விடை கிடைக்கும்.

அதிகாலையில் காய்கறி மூட்டை இறக்கிய தொழிலாளர் ஒருவர் வருகிறார். தலைத்துண்டை அவிழ்த்து முகம் துடைத்துக்கொண்டு விசுப்பலகையில் அமர்கிறார். காப்பியை ஆற்றி ஆற்றிக் குடிக்கிறார். அடுத்த வண்டி எப்போது வரும், எந்தக் கடையில் ஆள் தேவை, யார் வீட்டில் துயரம் என்பனவெல்லாம் அங்கே பேச்சாக வருகின்றன. பத்து நிமிடத்தில் எழுந்து செல்கிறார். அவர் வாங்கியது ஓய்வு, இருக்கை, செய்தி, தோழமை. அவற்றோடு ஒரு காப்பி. நாளொன்றுக்கு 600 ரூபாய் கூலி பெறுபவருக்கு 20 ரூபாய் முப்பதில் ஒரு பங்கு. அதைச் சிக்கனத்தின் பெயரால் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. அந்த விசுப்பலகையில் அவருக்குக் கிடைக்கும் ஒரு வேலைச் செய்தி, ஒரு மாதக் காப்பியின் விலையை மீட்டுத் தந்துவிடக்கூடும்.

இருக்கை என்று இங்கே எளிதாகக் குறிப்பிட்டுவிட்டோம். அந்த இருக்கை எல்லார்க்கும் எளிதில் கிடைத்துவிடவில்லை. காப்பிக் கடைகளிலும் உணவு விடுதிகளிலும் ஒரு சாராருக்கெனத் தனியிடம் ஒதுக்கப்பட்ட காலம் இருந்தது. விடுதியின் பெயர்ப்பலகையில் சாதிப்பெயர் இடம்பெறுவதை எதிர்த்து 1957ஆம் ஆண்டில் பெரியார் சென்னை திருவல்லிக்கேணியில் போராட்டம் நடத்தினார். சிற்றூர்த் தேநீர்க் கடைகளில் ஒடுக்கப்பட்டோருக்குத் தனிக் குவளை வைக்கும் இரட்டைக்குவளை முறையை ஒழிக்கப் பல்லாண்டுகள் போராட வேண்டியிருந்தது. பலரோடு ஒரே பலகையில் அமர்ந்து, அதே குவளையில் காப்பி அருந்துதல் என்பது அத்தகைய வரலாறு உடைய ஊரில் வெறும் நுகர்ச்சியன்று. அதன் விலையைத் தூள், பால், சர்க்கரை என்று பிரித்து எழுத இயலாது.

பொருளியலில் இதனை விளக்க ஒரு சொல் உண்டு. ஒரு பொருளுக்கு நாம் கொடுக்க அணியமாயிருக்கும் விலைக்கும், உண்மையில் கொடுக்கும் விலைக்கும் உள்ள வேறுபாட்டை ‘நுகர்வோர் உபரி’ என்பர். ஆல்ஃபிரட் மார்ஷல் இக்கருத்தை வளர்த்தெடுத்தார். விடியற்காலைக் குளிரில் அந்தத் தொழிலாளர் 40 ரூபாய் கொடுக்கவும் அணியமாயிருந்திருப்பார்; கொடுத்தது 20. அவருக்குக் கிடைத்த உபரி மற்றொரு 20. அதே காப்பியை வாங்கி, மேசையில் ஆறவிட்டுப் பாதியைக் கொட்டுபவருக்கு உபரி ஏதுமில்லை, இழப்பே உண்டு. விலை ஒன்றாயினும் செலவின் தகுதி ஒன்றாக இல்லை.

பார்சல் காப்பி

அண்மைக்காலத்தில் கடையில் அமர்வோர் குறைந்து, கட்டி எடுத்துச் செல்வோர் பெருகியுள்ளனர். முன்பு தூக்குவாளியோ வெந்நீர்க் குடுவையோ கொண்டுசென்று வாங்குவர். பின்னர் நெகிழிப்பையில் ஊற்றி, ரப்பர் வளையத்தால் வாய்கட்டித் தரும் வழக்கம் வந்தது. இப்போது மூடியிட்ட காகிதக் குவளை. இருக்கையும் இல்லை, பேச்சும் இல்லை, ஆற்றிக் குடிக்கும் பொழுதும் இல்லை. வண்டியின் கைப்பிடியில் ஆடியபடி அலுவலகம் செல்லும் காப்பி, அங்கே கணினித் திரையைப் பார்த்தவாறே குடிக்கப்படுகிறது. சற்றுமுன் நாம் கூறியவற்றுள் குவளைக்குள் உள்ளது மட்டுமே எஞ்சுகிறது. அதுவும் மணம் இழந்து எஞ்சுகிறது. கொடுத்த விலையோ குறையவில்லை. குவளைக்கெனச் சில கடைகளில் கூடியும் இருக்கிறது.

காகிதக் குவளையைப் பற்றி இன்னொரு செய்தியும் கருதத்தக்கது. வெறுங்காகிதம் சூடான நீர்மத்தைத் தாங்காது. ஆதலால் அதன் உட்புறம் மெல்லிய நெகிழிப்படலம் பூசப்படுகிறது. காரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் இத்தகைய குவளையில் 100 மில்லிலிட்டர் வெந்நீரை ஊற்றிக் கால்மணி நேரம் வைத்திருந்து ஆராய்ந்தனர். அந்நீரில் ஏறத்தாழ 25,000 நுண்நெகிழித் துகள்கள் கலந்திருக்கக் கண்டனர். தமிழ்நாட்டில் 2019 சனவரி முதல் நாளிலிருந்து நடைமுறைக்கு வந்த, ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருள்களுக்கான தடையில் நெகிழி பூசிய காகிதக் குவளையும் அடங்கும். தடைக்குப் பின்னும் அது எங்கும் புழங்குவதை நாம் காண்கிறோம். குப்பையை அகற்றும் செலவு காப்பி குடித்தவரின் கணக்கில் ஏறுவதில்லை. ஊரின் கணக்கில் ஏறுகிறது.

ஆயினும், கட்டி எடுத்துச் செல்லும் காப்பி அனைத்தையும் ஒரே தட்டில் வைத்துவிடலாகாது. அரசு மருத்துவமனையின் வாயிலில் விடியற்காலை நான்கு மணிக்குக் குடுவையோடு நிற்போரை நீங்கள் பார்த்திருக்கலாம். உள்ளே நோயாளி, அருகில் இரவெல்லாம் கண்விழித்த உறவினர். அவர்களுக்கு அந்தக் குடுவைக் காப்பியைவிடத் தக்க செலவு அந்த வேளையில் வேறொன்று இருக்க முடியாது.

பழக்கம் என்னும் வாடிக்கையாளர்

முதல் குவளை தரும் நிறைவை அடுத்தடுத்த குவளைகள் தருவதில்லை என்பதைக் ‘குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி’ என்று பொருளியல் பாடத்தில் படிக்கிறோம். அவ்விதி ஒரே வேளையில் தொடர்ந்து நுகர்வதைப் பற்றியது. நாளுக்கு ஒன்று என்று இடைவெளிவிட்டு அருந்துவதற்கு அது நேராகப் பொருந்தாது. ஆனால், பழக்கம் வேறுவகையில் வேலை செய்கிறது. காப்பியில் உள்ள காஃபீன் என்னும் பொருளுக்கு உடல் பழகிவிட்டால், குறித்த வேளையில் அது கிடைக்காதபோது தலைவலியும் எரிச்சலும் தோன்றுகின்றன. தொடக்கத்தில் இன்பத்தை வாங்குகிறோம். நாளடைவில் தலைவலியிலிருந்து விடுதலையை வாங்குகிறோம். பணம் அதேதான்; வாங்கும் பொருள் மாறிவிட்டது. நான் விடைத்தாள் திருத்தும் முகாம்களில் நாளுக்கு ஐந்து காப்பி வரை சென்றவன். எத்தனையாவது குவளையின் சுவை என் நினைவில் நின்றது என்று கேட்டால் என்னிடம் விடையில்லை.

இதைச் சோதித்தறிய எளிய வழி உண்டு. ஒரு வாரம் நிறுத்திப் பார்க்கலாம். முதல் சில நாளின் தலைவலி தணிந்தபின், எதை இழந்ததாக மனம் ஏங்குகிறதோ அதற்காகவே நாம் பணம் கொடுத்துவந்தோம் என்று அறியலாம். சிலர் நண்பர்களின் பேச்சுக்காக ஏங்குவர். சிலர் அலுவலகத்தைவிட்டுச் சற்றே வெளிவருவதற்காக. சிலருக்கு எந்த ஏக்கமும் இராது.

கண்ணாடிக் கதவுக்குப் பின்னால்

நகரங்களில் குளிரூட்டப்பட்ட காப்பியகங்கள் உள்ளன. அங்கே ஒரு குவளை 200 ரூபாய் அளவில் விற்கிறது. கல்லூரி முடித்து முதல் வேலைக்குச் சென்ற இளைஞர்க்கு மாத ஊதியம் 15,000 ரூபாய் எனக் கொள்வோம். மாதம் 25 நாள் அங்கே காப்பி வாங்கினால் 5,000 ரூபாய். ஊதியத்தில் மூன்றில் ஒரு பங்கு. இதற்கு நீண்ட ஆராய்ச்சி தேவையில்லை. அவரால் இதைத் தாங்க இயலாது. ஆனால், அவரே மாதத்தில் ஒருநாள் தோழர்களோடு சென்று இரண்டு மணிநேரம் அமர்ந்து பேசினால், அது இருக்கைக்கும் அமைதிக்கும் கொடுக்கும் வாடகை. வீட்டில் தனியறை இல்லாத பலருக்கு அத்தகைய இடம் தேவைப்படுகிறது. குறிப்பாகப் பெண்களுக்கு. தெருமுனைக் கடையின் விசுப்பலகையில் பெண்ணொருத்தி தனியே அமர்ந்து பத்து நிமிடம் காப்பி அருந்துவதை எத்தனை ஊர்களில் இன்றும் இயல்பாகக் காண்கிறோம்? 20 ரூபாய்க்கு ஆண்களுக்குக் கிடைக்கும் ஓய்வைப் பெண்கள் 200 ரூபாய் கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது.

வெளிக்காப்பி என்னும் வரி

இனி அந்தக் குறிப்பேட்டிற்கு வருவோம். அவ்வாண்டு ஆடி மாதத்தில் எனக்கு வடிவியல் பெட்டி வாங்க வேண்டியிருந்தது; கையில் பணமில்லை. “ஒரு மாத வெளிக்காப்பிக் காசு இருந்தால் போதும்” என்றார் என் தாயார். தந்தையார் மறுமொழி கூறவில்லை. மறுநாள் முதல் நேராக வீட்டுக்கு வந்தார். பெட்டி வந்தது. ஆனால், வீட்டில் பேச்சு குறைந்தது. திண்ணையில் அமர்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஊர்ச் செய்தி எதுவும் எங்களுக்கு எட்டவில்லை. கூட்டுறவு அங்காடிக்குச் சர்க்கரை வந்த செய்தியைக்கூட அது தீர்ந்தபிறகே அறிந்தோம்.

மாத முடிவில் தாயாரே அவரைக் கடைக்குப் போகச் சொன்னார். அன்று மாலை தந்தையார் ஒரு தூக்குவாளியில் காப்பி வாங்கி வந்து தாயாரிடம் நீட்டினார். இரண்டு மைல் மிதிவண்டிப் பயணத்தில் அது ஆறிப்போயிருந்தது. தாயார் அதை வாங்கிக் கீழே வைத்தார்.

“நான் காப்பியா கேட்டேன்? இந்த நோட்டுல எனக்குன்னு ஒரு வரி இருக்கா, பாருங்க” என்றார்.

தந்தையார் நோட்டை வாங்கி விளக்கருகில் வைத்து நெடுநேரம் புரட்டினார். என் பெயரில் வரிகள் இருந்தன. தங்கையின் பெயரில் இருந்தன. பசுவுக்கு வைக்கோலும் பிண்ணாக்கும் இருந்தன.

அடுத்த மாதப் பக்கத்தில் ‘வெளிக்காப்பி’ வரிக்குக் கீழே புதிதாக ஒரு வரி தொடங்குகிறது. ‘வாடகைப் புத்தகம் – 6 ரூபாய்’. எங்கள் தெருவில் கதைப் புத்தகங்களை நாள்வாடகைக்குத் தரும் சிறு நூலகம் ஒன்று இருந்தது. நண்பகலில் வேலை ஓய்ந்தபின் தாயார் அங்கே சென்று வருவார். திரும்பும்போது அண்டை வீட்டுத் திண்ணையில் சற்று அமர்ந்துவிட்டு வருவார். குறிப்பேடு முடியும்வரை இரண்டு வரிகளும் அடுத்தடுத்தே வருகின்றன. இரண்டாம் வரியில் மட்டும் மையின் நிறம் வேறு. அதை எழுதியவர் என் தந்தையார்.

கற்பவை கற்றபின்...

உங்கள் வீட்டில் ஒரு மாதம் செய்யப்படும் சிறு செலவுகளைப் பட்டியலிடுக. ஒவ்வொரு செலவும் யாருடைய விருப்பத்திற்காகச் செய்யப்பட்டது என்பதை எதிரே எழுதுக. பெயரே இடம்பெறாதவர் எவரேனும் இருப்பின் அவரோடு உரையாடி, அவ்வுரையாடலை ஒரு பக்க அளவில் எழுதுக.

‘வீட்டில் போட்டால் மலிவு’ – இக்கூற்றை ஏற்றோ மறுத்தோ, உழைப்பின் மதிப்பையும் கணக்கில் கொண்டு வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.